கோபுரத்தின் மேல் பொம்மைகள்

(நேரலை உரையின் எழுத்து வடிவம்)

ஜெர்மனியில் இப்போது மாலை ஏழு மணி. டொரண்டோவில் மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். சிங்கப்பூர் நண்பர்களுக்கு நள்ளிரவு கடந்துவிட்டது. தூக்கத்தை ஒத்திப்போட்டுக் கேட்கிறவர்களுக்கு முதல் நன்றி.

"மனிதர் உலகத்தை எப்படிக் காண்கிறார்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தத்துவமாகப் பேச வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் செவிலியர் பட்டயம் படித்து வார்டில் வேலை செய்கிறேன். ஆகவே இதை ஒரு வரலாறாகச் சொல்கிறேன். இந்த வரலாறு பெரும்பாலும் ஜெர்மன் பேசும் ஊர்களில் நடந்தது: பெர்லின், லைப்சிக், கோனிக்ஸ்பெர்க், பிராங்பர்ட். அதன் முடிவு இன்னும் ஆஸ்பத்திரிக் கட்டில்களின் பக்கத்தில் நடந்துகொண்டிருக்கிறது.

பெர்லினுக்குப் பக்கத்து ஊர் போட்ஸ்டாம். அங்கே கர்னிசோன்கிர்க்கே என்று ஒரு தேவாலயம் இருந்தது. பட்டாளத்துக்காரர்களுக்காகப் பிரஷ்ய மன்னர் கட்டியது. கோபுரம் சுமார் 88 மீட்டர் உயரம். 1820களில் ஒரு தாய் தன் சின்ன மகனைக் கூட்டிக்கொண்டு அந்தக் கோபுரத்தைத் தாண்டிப் போகிறார். மேலே மாடத்தில் சிலர் நிற்கிறார்கள். பையன் அவர்களைப் பொம்மைகள் என்று நினைக்கிறான். கையை நீட்டி அந்தப் பொம்மைகளை எடுத்துத் தரச் சொல்லி அம்மாவிடம் கேட்கிறான். தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரியும் என்பது அவனுக்கு இன்னும் பழகவில்லை.

அந்தப் பையன் பெயர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். 1821இல் பிறந்தவர். வளர்ந்து உலகின் பெரிய உடலியல் அறிஞர்களில் ஒருவரானார். இந்தச் சம்பவத்தை மறக்காமல் தன் நூலில் எழுதியும் வைத்தார். அந்தப் பையனின் கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை. கண் சரியாகத்தான் வேலை செய்தது. வேறு ஏதோ ஒன்று இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. அந்த "வேறு ஏதோ ஒன்று" என்ன என்பதுதான் இன்றைய பேச்சு.

நரம்புக்குத் தெரிந்த ஒரே மொழி

ஹெல்ம்ஹோல்ட்ஸின் தகப்பனார் பள்ளி ஆசிரியர். மகனுக்கு இயற்பியல் படிக்க ஆசை. குடும்பத்தில் அதற்குப் பணமில்லை. பட்டாள மருத்துவராகச் சில வருடம் வேலை செய்ய ஒப்புக்கொண்டால் மருத்துவம் இலவசமாகப் படிக்கலாம் என்று பெர்லினில் ஒரு நிறுவனம் இருந்தது. 1838இல் அங்கே சேர்ந்தார். நம் ஊரில் நர்சிங் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதை புரியும்.

பெர்லினில் அவருக்குக் கிடைத்த ஆசிரியர் யோஹானஸ் முல்லர். முல்லர் 1826லேயே பார்வையைப் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு இமையின் ஓரத்தில் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஒளி வளையம் ஒன்று தெரியும். அங்கே வெளிச்சமே இல்லை, விரல்தான் இருக்கிறது. ஆனாலும் பார்வை நரம்பு வெளிச்சம் என்றுதான் சொல்லும். அதற்குத் தெரிந்த ஒரே மொழி அதுதான். ஒரே மின்சாரம் கண்ணில் பட்டால் ஒளி, காதில் பட்டால் ஒலி, நாக்கில் பட்டால் சுவை. நாம் உணர்வது வெளியுலகத்தை நேரடியாக அல்ல, நம் நரம்புகளின் நிலையைத்தான் என்றார் முல்லர்.

கால் எடுக்கப்பட்ட நோயாளிகள் இல்லாத பாதத்தில் அரிக்கிறது என்று சொல்வதையும் முல்லர் சாட்சியாகக் காட்டினார். சர்க்கரை நோயால் கால் இழந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் எவருக்கும் இது தெரியும். இரவு இரண்டு மணிக்கு மணி அடித்துக் கூப்பிட்டு, இல்லாத கட்டைவிரல் எரிகிறது என்று சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கால் போய்விட்டது, காலைப் பற்றிச் செய்தி சொல்லும் நரம்பும் அதைக் கேட்கும் மூளையும் போகவில்லை.

இங்கே நம் தொல்காப்பியரை நினைத்துக்கொள்ளலாம். மரபியலில் அவர் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கிறார். தொடுதல் மட்டும் உள்ளது ஓரறிவு. அதோடு நாக்கு, மூக்கு, கண், செவி என்று ஒவ்வொன்றாகக் கூடி, கடைசியில் மனம் ஆறாவது அறிவாக வருகிறது. மனத்தையும் புலன்களின் வரிசையிலேயே வைத்தது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். முல்லர் ஐந்துவரை வந்தார். ஆறாவதற்கு வந்தவர் அவருடைய மாணவர்.

தாமதமாக வரும் உலகம்

1849இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியர் ஆகிறார். இமானுவேல் கான்ட் வாழ்ந்து மறைந்த ஊர் அது. இன்று ரஷ்யாவிடம் இருக்கிறது, பெயர் கலினின்கிராட். உலகை அது உள்ளபடி நாம் அறிவதில்லை, நம் அறிவின் சட்டங்களுக்கு உட்பட்டே அறிகிறோம் என்று கான்ட் 1781இல் எழுதியிருந்தார். அதே ஊரில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளைக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நரம்பில் செய்தி எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது? அளக்கவே முடியாத வேகம் என்று முல்லர் கருதினார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் அளந்துவிட்டார். நரம்பைத் தசைக்குப் பக்கத்தில் ஒருமுறை தூண்டுவது, தள்ளி ஒருமுறை தூண்டுவது, தசை சுருங்க எடுக்கும் நேரத்தின் வித்தியாசத்தைக் கணக்கிடுவது. மனைவி ஓல்கா கூடவே இருந்து அளவுகளைக் குறித்தார். கிடைத்த விடை நொடிக்கு ஏறக்குறைய 30 மீட்டர். ஆட்டோபானில் பரிந்துரைக்கப்பட்ட வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 36 மீட்டர். தவளையின் நரம்பு அந்தக் காரை விட மெதுவாகப் போகிறது!

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். அதுவரை நினைப்பதும் உடல் அசைவதும் ஒரே கணத்தில் நடப்பவை என்றே எல்லோரும் நம்பினார்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸின் தகப்பனாருக்கே இதை ஏற்பது கடினமாக இருந்தது. ஆனால் அளவு பொய் சொல்லவில்லை. உலகம் நமக்குத் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது. "இப்போது" என்று நாம் சொல்வது எப்போதும் சற்று முன்பு நடந்தது.

1850 டிசம்பரில் அவர் இன்னொன்றும் செய்தார். உயிருள்ள மனிதரின் கண்ணுக்குள் யாரும் பார்த்ததில்லை. கண்மணி கறுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். உள்ளே வெளிச்சம் அனுப்பினால் அது வந்த வழியே திரும்பும். அந்த வழியில் நம் தலையை வைத்தால் வெளிச்சத்தையே மறைத்துவிடுவோம். மூக்குக்கண்ணாடி வில்லை, மெல்லிய கண்ணாடித் தகடுகள், அட்டை, பசை இவற்றைக் கொண்டு ஹெல்ம்ஹோல்ட்ஸ் அந்தச் சிக்கலைத் தீர்த்தார். விழித்திரையும் அதில் ஓடும் ரத்தக் குழாய்களும் தெரிந்தன. அடுத்த வருடம் அதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். இன்று சர்க்கரை நோயாளிகளை வருடாவருடம் கண் பரிசோதனைக்கு அனுப்புகிறோமே, அது அந்த அட்டைக் கருவியின் தொடர்ச்சி.

தஞ்சாவூர் பற்றி ஒரு வார்த்தை. அரசர் இரண்டாம் சரபோஜி இளமையில் பாடம் கேட்டது பிரஷ்யாவிலிருந்து வந்த மிஷனரி கிறிஸ்டியன் பிரெடரிக் ஸ்வார்ட்ஸ் ஐயரிடம். சரபோஜி காலத்துக் கண் நோய்க் குறிப்புகள், கண்களின் வண்ண ஓவியங்களுடன், தஞ்சையில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அழகான, கவனமான ஓவியங்கள். எல்லாம் கண்ணின் வெளிப்புறம். சரபோஜி 1832இல் மறைந்தார். உள்ளே பார்க்கும் கருவி வர இன்னும் 18 வருடம் இருந்தது. கருவி எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவுதான் ஒரு காலத்தின் பார்வை.

அறியாமல் செய்யும் அனுமானம்

கண்ணுக்குள் பார்த்த மனிதர் ஒன்றைக் கவனித்தார். ஒரு கருவியாக எடுத்துக்கொண்டால் கண் அப்படியொன்றும் சிறந்ததல்ல. இத்தனை குறைகள் உள்ள ஒரு கருவியைக் கடைக்காரர் விற்றால் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்ற பொருளில் அவர் பேசியிருக்கிறார். நடுவில் மட்டுமே கூர்மை. பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒரு குருட்டுப் புள்ளி. விழித்திரையில் 10 கோடிக்கு மேல் ஒளி உணரும் செல்கள் இருந்தும், பார்வை நரம்பில் இருப்பது சுமார் 10 லட்சம் இழைகள். இவ்வளவு குறையான செய்தியிலிருந்து இவ்வளவு முழுமையான உலகம் எப்படிக் கிடைக்கிறது?

1855 பிப்ரவரி 27 அன்று கோனிக்ஸ்பெர்கில், கான்ட்டுக்குச் சிலை எழுப்ப நிதி திரட்டும் கூட்டத்தில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் மனிதப் பார்வை பற்றிப் பேசினார். 1856 முதல் 1867 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய பெரிய ஒளியியல் நூலில் அந்தக் கருத்து முழு வடிவம் பெற்றது. புலன்கள் தருவது அடையாளங்கள் மட்டுமே. அந்த அடையாளங்களிலிருந்து பொருளை ஊகிப்பது மனம். அந்த ஊகத்தை நாம் அறிவதே இல்லை. அறியாமல் செய்யும் அனுமானம் என்று அதற்குப் பெயர் வைத்தார்.

அனுமானம் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. மணிமேகலையில் சமயவாதிகள் ஒவ்வொருவரும் எத்தனை அளவைகளை ஏற்கிறார்கள் என்று வரிசையாகச் சொல்கிறார்கள். காண்பது ஓர் அளவை, கருதுவது இன்னோர் அளவை. மலையில் புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது கருதல். காண்பதையும் கருதுவதையும் இரண்டாகப் பிரிப்பதுதான் மரபு. ஹெல்ம்ஹோல்ட்ஸ் அந்தக் கோட்டை அழித்தார். காண்பதே ஒரு கருதல் என்றார். நாம் புகையையும் பார்ப்பதில்லை. விழித்திரையில் விழுந்த ஒரு சாம்பல் நிறக் கறையைப் புகை என்று கருதுகிறோம்.

இது பழக்கத்தால் வருவது என்பதற்கு அவர் காட்டிய சோதனை எளிமையானது. ஒளியை ஒருபக்கம் விலக்கும் முப்பட்டைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதிரே உள்ள பொருளைத் தொடப் போனால் கை தவறும். கொஞ்ச நேரம் பழகினால் சரியாகத் தொடும். கண்ணாடியைக் கழற்றினால் கை மறுபக்கம் தவறும். அந்தச் சில நிமிடங்களில் மனம் தன் கணக்கை மாற்றி எழுதிவிட்டது, நம்மைக் கேட்காமலே.

மாற்கு சுவிசேஷம் 8ஆம் அதிகாரத்தில் பெத்சாயிதா ஊர்க் குருடன் ஒருவன் வருகிறான். மற்ற அற்புதங்களில் ஒரே தொடுதலில் எல்லாம் முடியும். இதில் மட்டும் இயேசு இரண்டு முறை கை வைக்கிறார். முதல் தொடுதலுக்குப் பிறகு என்ன தெரிகிறது என்று கேட்டால், மனிதர்கள் நடக்கிற மரங்களைப் போலத் தெரிகிறார்கள் என்கிறான். ஞாயிறு பள்ளியில் இதை விசுவாசக் குறைவு என்று விளக்குவார்கள். நான் அதை வேறுவிதமாக வாசிக்கிறேன். 1728இல் லண்டனில் வில்லியம் செசல்டன் என்ற அறுவை மருத்துவர், சிறுவயதிலேயே பார்வை இழந்த 13 வயதுப் பையனுக்குக் கண்புரை அகற்றிய விவரத்தை எழுதினார். கண் திறந்த பையனுக்குத் தூரமும் உருவமும் பிடிபடவில்லை. பார்க்கும் எல்லாமே கண்ணைத் தொடுவதுபோல இருந்தது. ஒளி வருவது ஒன்று, ஒளி மனிதனாகத் தெரிவது இன்னொன்று. சுவிசேஷத்தில் அந்த இரண்டாவது தொடுதல் எதற்கு என்று எனக்கு இதைப் படித்த பிறகு புரிந்தது.

ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கு எதிர்ப்பும் இருந்தது. எவால்ட் ஹெரிங் என்பவர், எல்லாம் கற்றுக்கொள்வதில்லை, பலவும் பிறவியிலேயே அமைந்தவை என்று வாதாடினார். இருவரும் பாதிப் பாதி சரி என்பது பிற்காலம் கண்டது.

எண்ணுக்குள் அடங்காத வலி

லைப்சிக் நகரில் இன்னொரு கதை நடந்தது. எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வேபர் என்ற மருத்துவர் எடைகளைத் தூக்கச் சொல்லிச் சோதித்தார். 400 கிராம் கையில் இருக்கும்போது 10 கிராம் கூடினால் வித்தியாசம் தெரிகிறது. 4 கிலோவோடு அதே 10 கிராமைச் சேர்த்தால் தெரியாது. 100 கிராம் வேண்டும். சுமார் நாற்பதில் ஒரு பங்கு. நாம் உணர்வது அளவை அல்ல, விகிதத்தை. காய்கறிக் கடையில் தராசு வேண்டும் என்று நம் பாட்டிமார் பிடிவாதம் பிடித்தது சரிதான்.

வேபரின் சக ஊழியர் குஸ்தாவ் பெக்னர். போதகர் வீட்டுப் பிள்ளை, இயற்பியல் பேராசிரியர். கண்ணில் தங்கும் பின்பிம்பங்களை ஆராய நிறக் கண்ணாடி வழியாகச் சூரியனைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டார். 1840 வாக்கில் வேலையை விட்டார். ஏறக்குறைய மூன்று வருடம் இருட்டறையில் கிடந்தார். பிறகு பார்வை திரும்பியது. 1850 அக்டோபர் 22 காலையில், படுக்கையில் இருந்தபோது ஒரு யோசனை வந்தது: உடலில் படும் தூண்டலுக்கும் மனத்தில் எழும் உணர்வுக்கும் நடுவில் ஒரு கணக்கு இருக்க வேண்டும். 1860இல் அதை நூலாக்கினார். வெளியே தூண்டல் மடங்கு மடங்காகப் பெருகினால், உள்ளே உணர்வு படிப்படியாகத்தான் ஏறும் என்பது அதன் சாரம்.

நாங்கள் வார்டில் தினமும் கேட்கும் கேள்வி இந்த இடத்தில்தான் பிறந்தது என்று எனக்குத் தோன்றும். "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் உங்கள் வலி எவ்வளவு?" ஜெர்மன் ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொரு ஷிப்டிலும் இதைக் கேட்டு எழுத வேண்டும். உணர்வுக்கு எண் கொடுக்கலாம் என்ற துணிச்சல் பெக்னருடையது. ஆனால் 1950களில் ஹார்வர்டில் ஸ்டீவன்ஸ் என்ற உளவியலாளர் அளந்து பார்த்தபோது, எல்லா உணர்வும் பெக்னர் சொன்னபடி நடக்கவில்லை. வெளிச்சம் பல மடங்கு கூடினாலும் கண் அதைச் சுருக்கிக்கொள்கிறது. மின் அதிர்ச்சியிலோ நேர்மாறு: தூண்டல் கொஞ்சம் கூடினாலே உணர்வு எகிறிவிடுகிறது. ஆகவே 7இலிருந்து 9 என்பதை 2இலிருந்து 4 போல நினைத்துவிடக் கூடாது.

அந்த எண்ணுக்கு முன்னால் மொழி இருக்கிறது. தமிழில் வலிக்கு எத்தனை வினை! குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, எரிகிறது, இழுக்கிறது, விண்விண் என்று தெறிக்கிறது. ஈழத்துக்காரர் நோகுது என்பார்கள், கால் உளையுது என்பார்கள். ஜெர்மனிலும் குத்துவதற்கும் எரிவதற்கும் குடைவதற்கும் சொல் உண்டு. கடுப்புக்கும் உளைவுக்கும் சரியான ஒற்றைச் சொல்லை நான் இன்னும் காணவில்லை. யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவரிடம் எண் கேட்டால், "பரவாயில்லை பிள்ளை, ரெண்டு எண்டு போடுங்கோ" என்பார். பிள்ளைக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்ற மரியாதை அந்த இரண்டில் கலந்திருக்கிறது. படிவத்தில் 2 என்று ஏறும். கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருக்கும் கை படிவத்தில் ஏறாது.

அருகருகே நிற்பவை

1910இல் மாக்ஸ் வெர்ட்ஹைமர் என்ற பிராக் நகரத்து யூதர் ரயிலில் போகும்போது ஒரு யோசனை தோன்றி பிராங்பர்ட்டில் இறங்கிவிட்டார் என்று சொல்வார்கள். படங்களைச் சுழற்றி ஓடவைக்கும் பொம்மை ஒன்றை வாங்கி அறையில் வைத்துப் பார்த்தாராம். பிறகு அங்குள்ள ஆய்வகத்தில் முறையாகச் சோதித்தார். பார்த்துச் சொன்னவர்கள் வோல்ப்கங் கோலர், குர்ட் காப்கா என்ற இரண்டு இளைஞர்களும் காப்காவின் மனைவியும். இரண்டு கோடுகள், ஒன்றன்பின் ஒன்றாக மின்னும். இடைவெளி ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கானால் இரண்டு கோடுகள் தனித்தனியாகத் தெரியும். மிகக் குறைந்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். சுமார் 60 மில்லிநொடி ஆகும்போது, ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்வது தெரியும். வெளியே எதுவுமே நகரவில்லை. சினிமா முழுக்க இந்த வித்தைதான்.

1912இல் இது கட்டுரையாக வந்தது. கெஷ்டால்ட் உளவியலின் தொடக்கம் அது. துண்டுகளைச் சேர்த்து முழுமை செய்வதில்லை, முழுமைதான் முதலில் தெரிகிறது என்றார்கள். வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனையை ஒரு கட்டையில் பாடினாலும் ஐந்து கட்டையில் பாடினாலும் அதே பாட்டுத்தான். ஒவ்வொரு சுரத்தின் ஒலியும் மாறிவிட்டது, பாட்டு மாறவில்லை. 1923இல் வெர்ட்ஹைமர் சில விதிகளை எழுதினார். அருகருகே இருப்பவை ஒன்றாகத் தெரியும். ஒத்திருப்பவை ஒரு கூட்டமாகத் தெரியும். சேர்ந்து நகர்பவை ஒரே உடலாகத் தெரியும்.

இப்போது போட்ஸ்டாம் கோபுரத்துக்குத் திரும்ப வேண்டும். 1933 மார்ச் 21. பையன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பொம்மைகள் கேட்ட அதே கர்னிசோன்கிர்க்கே. புதிய நாடாளுமன்றத்தின் தொடக்க விழா என்ற பெயரில் கோயபல்ஸ் அங்கே ஒரு காட்சியை ஏற்பாடு செய்தார். பழைய பேரரசின் சீருடையில் கிழவர் ஹிண்டன்பர்க். எதிரே, பட்டாளச் சட்டை இல்லாமல், கறுப்புக் கோட்டில், தலை குனிந்து கைகுலுக்கும் ஹிட்லர். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. இரண்டு மனிதர் அருகருகே. பார்த்தவர்களின் மனம் தன் வேலையைச் செய்தது: பழைய பிரஷ்யாவும் புதிய கட்சியும் ஒன்று, இந்த மனிதர் அடக்கமானவர், பயப்பட ஒன்றுமில்லை. அறியாமல் செய்யும் அனுமானம். இரண்டு நாள் கழித்து, மார்ச் 23 அன்று, நாடாளுமன்றம் தன் அதிகாரத்தை ஹிட்லரிடம் ஒப்படைத்தது.

ஏப்ரல் 7 அன்று யூதர்களையும் எதிர்ப்பாளர்களையும் அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. வெர்ட்ஹைமர் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போய் நியூயார்க் சேர்ந்தார். 1943இல் அங்கேயே இறந்தார். கோலர் யூதர் அல்லர். பெர்லின் உளவியல் நிறுவனத்தின் தலைவர், அரண்மனைக் கட்டடத்தில் ஆய்வகம், எந்தக் குறையும் இல்லை. அவர் ஏப்ரல் 28 அன்று ஒரு பெர்லின் நாளிதழில் பணிநீக்கங்களைக் கண்டித்துப் பெயர் போட்டு எழுதினார். அன்றிரவு நண்பர்களோடு இசைக்கருவிகள் வாசித்துக்கொண்டே கைதுக்காகக் காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. ஆனால் உதவியாளர்கள் ஒவ்வொருவராக நீக்கப்பட்டார்கள். 1935இல் அவரும் பதவி விலகி அமெரிக்கா போனார்.

காட்சிப்பிழையைப் பற்றி உலகத்திலேயே அதிகம் தெரிந்த நாடு, ஒரு காட்சியை நம்பியது. தெரிந்தவர்கள் எல்லோரும் கோலர் போல இருக்கவும் இல்லை. யேனா பல்கலைக்கழகத்தில் பிரீட்ரிக் சாண்டர் என்ற உளவியலாளர் 1937இல், முழுமை என்ற அதே கருத்தைத் திருப்பி, யூதர்களை விலக்குவதுதான் ஜெர்மன் மக்களின் முழுமைக்கு வழி என்று நியாயம் எழுதினார். கண் எப்படி ஏமாறும் என்று தெரிந்திருப்பது ஒன்று. எந்தப் பக்கம் நிற்பது என்பது அந்த அறிவிலிருந்து தானாக வருவதில்லை.

அந்தத் தேவாலயம் 1945 ஏப்ரலில் குண்டுவீச்சில் எரிந்தது. மிஞ்சியதை 1968இல் கிழக்கு ஜெர்மன் அரசு தகர்த்தது. பல வருட வாக்குவாதத்துக்குப் பிறகு கோபுரம் மட்டும் மீண்டும் கட்டப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டலாமா என்பதிலேயே இன்றைக்கும் சண்டை. சிலர் கண்ணுக்கு அது பாக்கும் மெண்டல்சோனும் ஒலித்த காலத்துக் கோபுரம், சிலர் கண்ணுக்கு அந்தக் கைகுலுக்கல்.

சிவக்காத தோல்

கடைசியாக வார்டுக்கு வருகிறேன். ஜெர்மன் மருத்துவர்களின் பேச்சுவழக்கில் "மோர்புஸ் மெடிட்டரேனியுஸ்" என்று ஒரு சொல் உண்டு. எந்தப் பாடநூலிலும் இல்லாத நோய். தெற்கிலிருந்து வந்தவர்கள் வலியை மிகைப்படுத்திக் கத்துவார்கள் என்று கேலியாகச் சொல்வது. துருக்கியர், இத்தாலியர், நம்மவர் எல்லோர் மேலும் இது ஒட்டும். அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறவர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொன்னபடியே செயல்படுகிறார். பழகிய அடையாளத்திலிருந்து பழகிய முடிவு. அவர் பழகிய உலகத்தில் கடும் வலிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு அமைதியாக இருப்பார். அழுகை அவருக்கு வேறு எதற்கோ அடையாளம். ஆனால் அந்த அனுமானத்தின் விலையைக் கொடுப்பவர் கட்டிலில் கிடப்பவர். உடையாத குடல்வாலும் உடைந்த குடல்வாலும் சில மணி நேர வித்தியாசம்தான்.

தோலையே எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கைப் புண்ணின் முதல் அடையாளம் சிவப்பு என்று பாடத்தில் இருக்கிறது. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காத சிவப்பு என்றால் புண் தொடங்கிவிட்டது. யாருடைய தோலைப் பார்த்து எழுதிய அடையாளம் இது? நம் தோலில் அந்தச் சிவப்புத் தெரியாது. கொஞ்சம் கருத்திருக்கும், ஊதா கலந்திருக்கும், சில சமயம் ஒன்றும் தெரியாது. சிவப்பைத் தேடும் கண் "தோல் நன்றாக இருக்கிறது" என்று படித்துவிட்டுப் போய்விடும். விரல்களின் பின்பக்கத்தை வைத்தால் அந்த இடம் பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கும், அல்லது குளிர்ந்திருக்கும். அழுத்தினால் கட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருக்கும். கேட்டால் நோகுது என்பார்கள். கண் தவறவிட்டதைக் கையும் காதும் பிடிக்கும். வீட்டில் வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்: இடுப்பு எலும்பு, வால் எலும்பு, குதிகால், மூன்றையும் தினமும் தொட்டுப் பாருங்கள்.

"காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்கிறோம். உண்மையில் மஞ்சள் காமாலை வந்தவருக்கு உலகம் மஞ்சளாகத் தெரிவதில்லை. அவர் கண் நமக்குத்தான் மஞ்சளாகத் தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டு, அவர் எதைக் காண்கிறார் என்பதை அவரைக் கேட்காமலே முடிவுகட்டியவர்கள் நாம்தான். இந்தப் பழமொழியே ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கு நல்ல உதாரணம்.

1968இல் மார்கோ மெக்காபரி என்ற அமெரிக்கச் செவிலியர் வலிக்கு ஒரு விளக்கம் எழுதினார்: அனுபவிக்கிறவர் எதை வலி என்று சொல்கிறாரோ அதுவே வலி, அவர் இருக்கிறது என்று சொல்லும்போது அது இருக்கிறது. ஒரு செவிலியர் எழுதிய இந்த வாக்கியம் மருத்துவத்தின் போக்கை மாற்றியது. முல்லர் முதல் வெர்ட்ஹைமர் வரை நூறு வருடம் உழைத்துக் கண்டதன் நடைமுறைப் பொருள் இதுதான் என்று நினைக்கிறேன். இன்னொருவரின் நரம்பு அவரிடம் என்ன சொல்கிறது என்பதை நான் பார்க்கவே முடியாது. என்னிடம் இருப்பது அடையாளங்களும் என் பழக்கமும்தான். அனுமானத்தை நிறுத்த முடியாது. நிறுத்தினால் நடக்கவே முடியாது. அதைத் திரும்பக் கேட்டுச் சரிபார்க்கலாம். "ரெண்டு எண்டு சொன்னீங்கள் அம்மா, கையை ஏன் இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கிறீங்கள்?" என்று இரண்டாவது முறை கேட்கலாம்.

பெத்சாயிதாவில் முதல் தொடுதலுக்குப் பிறகு அந்த மனிதனிடம் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது, என்ன தெரிகிறது என்று. அவன் உள்ளதைச் சொன்னான், மனிதர்கள் மரங்களாகத் தெரிகிறார்கள் என்று. அப்படிக் கேட்டதாலும் சொன்னதாலும்தான் இரண்டாவது தொடுதல் கிடைத்தது.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.